காலிக் கட்டம்

அந்த வீட்டு மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. காலை எட்டரை மணிக்கு நான் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது கீழே ஆரம்பித்துவிடும்.

"சுகர் நூத்திப் பத்து." இது உள்ளறையிலிருந்து அண்ணன்.

"சரி." இது முன்னறையிலிருந்து அக்கா.

"கொலஸ்ட்ரால் இருநூத்தி நாலு."

"சரி."

கீழே ரத்தப் பரிசோதனைக் கூடம். அண்ணன்தான் டெக்னீஷியன், முதலாளி, கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம். விடிவதற்கு முன்னால் பையை மாட்டிக்கொண்டு நான்கு தெரு சுற்றி ரத்தம் எடுத்துவருவார். ஏழு மணிக்குச் சுழற்றும் இயந்திரம் உறுமத் தொடங்கும், என் கட்டில் கால் வரைக்கும் அதிர்வு ஏறும். அவர் மனைவியை நான் அக்கா என்பேன், முன்னறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பார். ரிப்போர்ட் அடிப்பது, அச்செடுப்பது, உறையில் போடுவது, வருகிறவர்களிடம் "ஒண்ணும் பயப்படாதீங்க" என்று சொல்வது எல்லாம் அவர் வேலை. நான் கூரியர்காரன். போகிற வழியில் இருக்கிற வயதானவர்களின் உறைகளை என் பையில் போட்டுவிடுவார். பதிலுக்கு எனக்குக் காலை டீ. யார் யாருக்கு எவ்வளவு கொழுப்பு என்று தெரிந்துகொண்டு தெருவில் நடப்பது ஒரு தனி சுகம், அதை இங்கே மறைப்பானேன்.

அந்தக் கூப்பிடும் பழக்கம் அண்ணன் கொண்டுவந்தது. எப்போதோ ஒரு புள்ளி இடம் மாறிப் போய் ஒரு வீட்டில் ரகளையாகிவிட்டதாம். அன்றிலிருந்து அவர் தன் நீளமான நோட்டைப் பார்த்து எண்ணைச் சொல்ல, அக்கா திரையில் அந்த எண்ணின் மேல் மவுஸை இழுத்து அதை நீலமாக்கிவிட்டுத்தான் 'சரி' சொல்ல வேண்டும். "நீலமாகாத நம்பர் இந்த வாசலத் தாண்டாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பதினைந்து வருஷமாக அது அவர்கள் வீட்டுப் பெருமை.

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. ஒரு ரிப்போர்ட்டைத் திறக்கச் சொன்னால் யோசித்துவிட்டு, பாதியில் உறைந்துவிடும். அக்கா அதன் தலையில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பார். அப்போதுதான் அக்காவின் தம்பி வந்தான். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். கட்டற்ற மென்பொருள் என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் எழுந்து போனாலும் நிறுத்த மாட்டான். நான் அவனுக்கு 'விடுதலை' என்று பெயர் வைத்திருந்தேன். அவனுக்கும் அதில் வருத்தமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு வந்து உட்கார்ந்தான். முதலில் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தினான், அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. பிறகு பழைய சிஸ்டத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டான்.

"அக்கா, இது யாரோட சொத்தும் இல்ல. உலகம் பூரா ஆளுங்க சேந்து பண்ணி வச்சிருக்காங்க. வைரஸ் வராது. நின்னு போகாது. ரொம்ப ஈஸி."

"எனக்கு வருமாடா?"

"உனக்கு வரலேன்னா யாருக்கும் வராது. நான் ஒண்ணுமே சொல்லித்தர மாட்டேன், பாத்துக்க. அதுதான் இதோட பாயிண்ட்டே."

சொன்னபடியே ஒன்றும் சொல்லித்தரவில்லை. வைத்த டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டான்.

வயிற்றெரிச்சல் இல்லாமல் சொன்னால், அவன் சொன்னது அத்தனையும் பலித்தது. பிரிண்டரை மாட்டியதும் அதுவாகவே அடையாளம் கண்டுகொண்டது. திறந்தால் திறந்தது, மூடினால் மூடியது. இரண்டாம் நாளே அக்கா பழைய வேகத்துக்கு வந்துவிட்டார். மூன்றாம் நாள் பின்னணியில் ஒரு மலைப் படத்தை மாற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். விடுதலை போகிற கடையிலெல்லாம் "எங்கக்காவப் பாருங்க, ஒரு நாள் கிளாஸ் எடுக்கல" என்று தம்பட்டம் அடித்தான்.

பன்னிரண்டாம் நாள் டாக்டரம்மா வந்தார்.

அந்த வாரம் மழை வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வராமல் இருந்தது. காற்றே இல்லை. நான் காலைச் சுற்றை முடித்துவிட்டு, சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வரும் என்ற நிலையில் பதினொன்றரைக்குத் திரும்பி, கீழே டீக்காக உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா வாசலிலேயே செருப்போடு நின்றார். அந்தப் பகுதியில் அவருடைய கிளினிக்தான் பெரியது. அண்ணனிடம் வரும் பத்துப் பேரில் ஏழு பேர் அவர் அனுப்புகிறவர்கள்.

"சார், இது நீங்க போட்ட கையெழுத்துதான?"

அண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டு ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். பேக்கரிக்காரருடையது.

"ஆமா மேடம்."

"கிரியாட்டினின் ஆறு புள்ளி எட்டு. அப்படீன்னா கிட்னி ரெண்டும் போச்சுன்னு அர்த்தம். நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்த மனுஷன் சம்சாரத்தக் கூப்பிட்டு, கடைய யாருக்குக் குடுக்கணும்னு பேசிட்டுத்தான் வண்டி ஏறியிருக்காரு. அங்க திரும்ப டெஸ்ட் பண்ணாங்க. எவ்வளவு தெரியுமா? புள்ளி ஒன்பது."

அண்ணன் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். விரலை வைத்துத் தேடினார். முகம் வெளுத்தது.

"மேடம்... இவருக்கு கிரியாட்டினின் நான் பாக்கவே இல்ல. நீங்க கேக்கல. சுகரும் கொலஸ்ட்ராலும்தான்."

"பாக்காத டெஸ்ட்டுக்கு நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு?"

அண்ணன் நோட்டை மறுபடி மேலிருந்து பார்த்தார்.

"சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். அது வரைக்கும் ஒருத்தரையும் இங்க அனுப்ப மாட்டேன். தப்பு யாருக்கும் வரும் சார். எப்படி வந்துச்சுன்னே தெரியாத தப்போட நான் வேலை செய்ய முடியாது."

அவர் போனதும் அண்ணன் அக்கா பக்கம் திரும்பினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றும் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"என்ன அடிச்ச?"

"நான் அடிக்கலைங்க."

"அப்ப அதுவா அடிச்சுக்கிச்சா?"

"அந்தக் கட்டம் காலிங்க. காலிக் கட்டத்துல நான் எதுக்கு நம்பர் போடப் போறேன்?"

"உன் தம்பிய வரச் சொல்லு. பழசு இருந்த வரைக்கும் இப்படி ஒண்ணு வந்துச்சா? கண்டதையும் கொண்டுவந்து உள்ள வச்சா இதுதான்."

விடுதலை பக்கத்துத் தெருவில்தான் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தான். விரல்களில் கரி மையோடு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாமா, சிஸ்டம் தானா நம்பர் போடாது. எத்தனை ஆஸ்பத்திரில, எத்தனை ஆபீஸ்ல ஓடுது தெரியுமா?"

"மாப்ள, நான் ஆபீஸக் கேக்கல. என் வீட்டுல ஓடுறதக் கேக்கறேன்."

"அக்கா கை தவறி..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா அவனைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பதினைந்து வருஷம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பார்த்து, ஒரே நிமிஷத்தில் கட்டினவரும் உடன் பிறந்தவனும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். எனக்கே சுருக்கென்றது. நான் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை.

அக்கா அழவில்லை. அண்ணன் கையிலிருந்த நோட்டை வாங்கினார்.

"என்னிக்கு ரிப்போர்ட் இது? வெள்ளிக்கிழமை. இவருக்கு முன்னாடி யாரு?"

"முன்னாடி... தபால் ஆபீஸ் அம்மா. லிவர் டெஸ்ட்."

"அவங்களுக்குக் கடைசியா என்ன கூப்பிட்டீங்க?"

அண்ணன் எட்டிப் பார்த்தார். "மொத்தப் புரதம். ஆறு புள்ளி எட்டு." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. புரதம் ஆறு புள்ளி எட்டு என்றால் ஆரோக்கியமான ஆள். அதே எண் கிரியாட்டினின் கட்டத்தில் உட்கார்ந்தால் கடையை எழுதிக்கொடுக்க வேண்டிய ஆள்.

"அப்ப அது நான் நீலமாக்கின நம்பர்" என்றார் அக்கா.

நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தபால் ஆபீஸ் அம்மாவின் ரிப்போர்ட்டைத் திறந்து, வழக்கம் போலக் கடைசி எண்ணின் மேல் மவுஸை இழுத்தார். எண் நீலமானது. அதை மூடிவிட்டு வேறொரு ரிப்போர்ட்டைத் திறந்தார். மவுஸின் நடுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கீழே போனார். நாங்கள் மூன்று பேரும் அவர் தோளுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றோம். சுழற்றும் இயந்திரம் மட்டும் உள்ளே ஓடி முடித்து 'கீச்' என்று கத்தியது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி உருட்டினார். அப்போதும் இல்லை.

"பாத்தியா" என்றான் விடுதலை.

"இரு. நான் இவ்வளவு மெதுவா உருட்ட மாட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டார். தினமும் செய்கிற வேகத்தில் கையை விட்டார். திரையில் ஒரு காலிக் கட்டத்தில், யாரும் தட்டாமல், 6.8 வந்து நின்றது.

பழைய மவுஸின் சக்கரத்தில் அழுக்கு ஏறி இறுகிப்போயிருந்தது. அழுத்தி உருட்டினால்தான் நகரும். ஏழு வருஷம் அப்படி அழுத்தி அழுத்தி, புது மவுஸ் வாங்கிய பிறகும் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. பழைய சிஸ்டத்தில் அப்படி அழுத்தினால் ஒரு வட்டக் குறி வந்து போகும், அவ்வளவுதான்.

எல்லோரும் விடுதலையைப் பார்த்தோம். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல... மவுஸால இழுத்து நீலமாக்கினாலே போதும், அத அது காப்பி பண்ணி வச்சுக்கும். சக்கரத்த அமுக்கினா அம்புக்குறி இருக்கற எடத்துல ஒட்டிடும். அது ஒரு வசதிக்கா. நான் தினம் பண்றேன்."

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

அவன் கரி விரலைச் சட்டையில் துடைத்தான். "சொல்லித்தராமயே வரும்னு காட்டணும்னு நெனச்சேன்."

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உறைத்தது வேறு. மெதுவாகச் சொன்னார்: "சரிபாக்கறதுனாலயே வந்திருக்கு. நான் கூப்பிடக் கூப்பிட நீ நீலமாக்கியிருக்க." பதினைந்து வருஷப் பெருமை அவர் மடியில் செத்து விழுந்த மாதிரி இருந்தது அந்த முகம்.

"உக்காந்து பேச நேரமில்லைங்க" என்றார் அக்கா. "பன்னெண்டு நாள். எத்தனை ரிப்போர்ட்?"

"முந்நூறுக்கு மேல இருக்கும்."

"இன்னிக்கு போனதுலேர்ந்து பின்னாடி போவோம். பழசெல்லாம் ஆகறது ஆகியிருக்கும். இன்னிக்கு போனதுக்கு இனிமேதான் மாத்திரை போடுவாங்க."

அதுதான் அந்த நாளில் பேசப்பட்ட ஒரே புத்தியான பேச்சு. அக்கா திறந்தார். அண்ணன் நோட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். முதல் ரிப்போர்ட் சுத்தம். இரண்டாவதும். மூன்றாவது கணக்கு டீச்சருடையது. ரிடையர் ஆனவர், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறார்.

"வெறும் வயித்து சுகர்" என்றார் அண்ணன்.

"இருநூத்தித் தொண்ணூத்தி நாலு."

"என்ன?"

"இருநூத்தித் தொண்ணூத்தி நாலுங்க."

"தொண்ணூத்தி நாலு. இங்க தொண்ணூத்தி நாலு எழுதியிருக்கேன்."

கடைசியாகச் சரிபார்த்த எண், அடியில் சிறுநீர் பகுதியில் இருந்த வெறும் 2. எல்லாம் பார்த்து முடித்தபின் பெயர் சரியா என்று மேலே உருட்டிப் போயிருக்கிறார் அக்கா. போகிற வழியில் விரல் அழுந்த, அந்த 2 போய் 94-க்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. சரிபார்த்த பிறகு.

"டீச்சர் இன்சுலின் ஊசி போட்டுக்கறவங்க" என்றார் அண்ணன். "டாக்டரம்மா அட்டை எழுதிக் குடுத்திருக்காங்க. இருநூத்தம்பதுக்கு மேல போனா மத்தியான ஊசில எட்டு யூனிட் கூட்டணும்."

"எப்போ போடுவாங்க?"

"பன்னெண்டரைக்கு."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்திரண்டு. அந்த உறையைக் காலை ஒன்பதரைக்கு டீச்சர் கையில் கொடுத்தவன் நான்தான். "நன்றிப்பா" என்று சொல்லி ஒரு பிஸ்கட் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டே படி இறங்கினேன்.

டீச்சருக்குப் போன் போட்டோம், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம். அக்கா இழுப்பறையிலிருந்து சுகர் பார்க்கிற சின்னக் கருவியையும் பட்டைகளையும் அள்ளி, அடுக்களையிலிருந்து சர்க்கரை டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டார்.

"வண்டிய எடுப்பா."

அண்ணனைப் பார்த்து, "நீங்க ஒக்காந்து மிச்சத்தப் பாருங்க. டாக்டரம்மாவுக்கு இப்பவே போன் பண்ணுங்க" என்றார்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு லாரி, ஒரு பள்ளிக்கூட வேன். வெயில் தலையில் உட்கார்ந்திருந்தது. தண்டவாளத்தில் ஒன்றும் வருகிற மாதிரித் தெரியவில்லை.

"நடந்தா எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்க்கா. ஓடினா மூணு."

அவர் இறங்கிவிட்டார். கேட்டுக்குப் பக்கத்துச் சின்ன வழியில் நுழைந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சர்க்கரை டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். வீட்டுச் செருப்பு. ஐம்பது வயது. கேட்காரர் கத்தினார். நான் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

கதவைத் திறந்தபோது டீச்சர் சாதாரணமாகத்தான் இருந்தார். தலையில் ஈரத் துண்டு.

"குளிச்சுட்டு இருந்தேன், போன் அடிச்சுதோ? என்ன ரெண்டு பேரும் இப்படி மூச்சு வாங்கறீங்க?"

"டீச்சர், ஊசி போட்டுட்டீங்களா?"

"இப்பதான். பத்து நிமிஷம் ஆகுது. அட்டைல இருக்கறபடி எட்டு கூட்டி, பதினெட்டு யூனிட்."

"சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான்."

அக்கா அவரை நாற்காலியில் உட்காரவைத்து விரலில் குத்தினார். கருவி ஐந்து எண்ணிவிட்டுக் காட்டியது: எழுபத்தெட்டு. நான் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினேன். அவசரத்தில் பாதி மேஜை மேல். போனில் டாக்டரம்மா, "குடுங்க, சாப்பாடும் குடுங்க, கால் மணிக்கொரு தடவ பாருங்க. பேச்சு குழறினா ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க, எனக்காகக் காத்திருக்காதீங்க. நான் கிளம்பறேன்" என்றார்.

அக்கா அந்தத் தப்பான ரிப்போர்ட்டின் முதுகிலேயே எழுதிக்கொண்டு வந்தார். எழுபத்தெட்டு. அறுபத்து மூன்று. டீச்சரின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. சோற்றைப் பிசைந்த கை வாய்க்குப் போகாமல் தட்டிலேயே நின்றது. அக்கா ஒரு கவளம் உருட்டி அவர் வாயில் வைத்தார். ஐம்பத்தொன்று.

"டீச்சர், என் பேரு என்ன சொல்லுங்க."

டீச்சர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "நீ... லேப்புல சரி சரின்னு சொல்றவ."

"அது போதும். இன்னும் ஒரு வாய்."

ஐம்பத்து நான்கு. டாக்டரம்மா படியேறி வரும்போது எழுபது. அவர் வந்து பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். தொண்ணூற்றொன்று என்று வந்த பிறகுதான் அக்கா அந்தக் கருவியைக் கீழே வைத்தார். வைத்த கையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

டீச்சருக்குத் தெளிவு வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரிப்போர்ட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார்.

"தொண்ணூத்தி நாலுக்கு முன்னாடி ஒரு ரெண்டு. எத்தனை பேப்பர்ல சுழிச்சிருப்பேன் இந்த மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு சந்தேகமே வரல பாரு. நேத்து சாயங்காலம் பேரனுக்குப் பொறந்தநாள். ரெண்டு துண்டு கேக் சாப்பிட்டேன், யாருக்கும் தெரியாம. நம்பரப் பாத்ததும் மாட்டிக்கிட்டேன்னுதான் நெனச்சேன்."

நான்கு மணி வரை இருந்துவிட்டு வந்தோம். என் வண்டியை யாரோ நிமிர்த்தி ஓரமாக வைத்திருந்தார்கள்.

வீட்டில் அண்ணனும் விடுதலையும் முந்நூற்றுப் பதினெட்டையும் பார்த்து முடித்திருந்தார்கள். ஏழில் வேண்டாத எண் ஒட்டியிருந்தது. நான்கு பேருக்கு விலாசத்துக்குப் பக்கத்திலோ ஓரத்திலோ அர்த்தமில்லாமல் ஒரு எண், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பேக்கரிக்காரர், டீச்சர் போக இன்னொருவருக்கு யூரிக் ஆசிட் ஏறியிருந்தது. பத்து நாளாகப் பிடித்ததைச் சாப்பிடாமல் இருந்திருப்பார் மனிதர்.

அண்ணன் காகிதத்தை மடித்தார், பிரித்தார். "டீச்சருக்கு ஒண்ணும் ஆகல. டாக்டரம்மா கேட்டா டைப்பிங் மிஸ்டேக்குன்னு சொல்லிடலாமா? ரெண்டு தப்புன்னா பொறுத்துப்பாங்க. ஏழுன்னா லேப்ப மூட வேண்டியதுதான்."

"தப்பா அடிச்சேன்னு நான் ஒத்துக்கணுமா?"

"சும்மா பேச்சுக்கு..."

"நான் அடிக்கல. பேச்சுக்குக் கூட சொல்ல மாட்டேன். ஏழு பேருக்கும் நானே போன் பண்றேன். டாக்டரம்மாவுக்கு ஏழுன்னே சொல்றேன்."

சொன்னார். நீலமாக்குகிற பழக்கத்திலிருந்து சக்கரம் வரை, ஒன்றையும் ஒளிக்காமல், நின்றுகொண்டே பேசினார். பிறகு டாக்டரம்மா சொன்னது எங்களுக்கும் கேட்டது. "நாளைக்கு மூணு பேர அனுப்பறேன். அதே மூணு பேர வேற லேபுக்கும் அனுப்புவேன். ஒரு மாசம் அப்படித்தான். நம்பர் ஒத்துப் போகட்டும், அப்புறம் பாக்கலாம்."

அண்ணன் பெருமூச்சு விட்டார். "மாப்ள, மொதல்ல இதக் கழட்டிட்டுப் பழசப் போடு."

"மாமா, அந்தச் சக்கரத்த மட்டும் அணைச்சு வச்சுடலாம். ஒரு நிமிஷ வேலை."

"ரெண்டும் வேணாம்" என்றார் அக்கா. "பழசு பாதில நின்னு போனப்போ எத்தனை ரிப்போர்ட் திரும்ப அடிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். பழசுக்கு, ஒரு பொண்ணு மூணு மாசம் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா. ஒவ்வொரு பட்டனும். இதுக்கு யாருடா உக்காந்தது?"

விடுதலை தலையைக் குனிந்தான். "ஈஸியா இருக்கேன்னு..."

"ஈஸிதான்டா. நான் இல்லேன்னு சொல்லல. ஈஸின்னு சொன்னதால நீயும் உக்காரல, நானும் கேக்கல. டீச்சர் பேரு கேட்டா யோசிச்சாங்கடா." ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டார். "உக்காரு. சக்கரத்தையும் அணை, மிச்சத்தையும் சொல்லு. மவுஸ்லேர்ந்து ஆரம்பி. ஈஸின்னு மட்டும் சொல்லாத."

அவன் உட்கார்ந்தான். நான் மாடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தபோதும் உட்கார்ந்திருந்தான். அக்கா ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை முதல் ஆளாகப் பெஞ்சில் பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா அனுப்பிய மூன்று பேரில் அவர் இல்லை. தானாக வந்திருந்தார். "பெரிய ஆஸ்பத்திரில சரியா இருக்குன்னுட்டாங்க. ஆனா ராத்திரி படுத்தா அந்த நம்பர்தான் வருது. போயிடுவேன்னு சொன்ன எடத்துலயே இருப்பேன்னும் சொல்லணும்" என்றார். அண்ணன் அவர் கையைத் தடவி நரம்பு தேடினார்.

எட்டரை மணிக்கு நான் ஷூ மாட்டிக்கொண்டு கீழே வந்தேன். அண்ணன் உள்ளறையில் இல்லை. நோட்டோடு அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அக்காவின் வலது கை மடியில் இருந்தது. இடது கை ஆள்காட்டி விரல் திரைக் கண்ணாடி மேல்.

"சுகர் நூத்தி ரெண்டு."

விரல் அந்த எண்ணின் மேல் போய் நின்றது. "சரி."

"கொலஸ்ட்ரால் நூத்தித் தொண்ணூறு."

"சரி."

"பிலிருபின், காலி."

"காலி."

"மொத்தப் புரதம், காலி."

"காலி."

பார்க்காத டெஸ்ட்டையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். ஒரு ரிப்போர்ட்டுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. கண்ணாடியில் வரிசையாக விரல் தடம் விழுந்துகொண்டே வந்தது.

"கிரியாட்டினின்" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஒரு தடவை நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "புள்ளி ஒன்பது."

அக்கா விரலை எடுக்கவில்லை. "புள்ளி ஒன்பது. சரி."

பெஞ்சிலிருந்து பேக்கரிக்காரர் எழுந்து நின்றார். "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா."

அக்கா திரும்பி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.